ராத்திரி கார் எங்கே நிற்கிறது?

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைத்தான். விற்பனையாளர் சொல்லும் எண் பெரிதாக இருந்தால் மனம் இளகுகிறது. சிறிதாகத் தோன்றினால் பெட்ரோல் காரே போதும் என்று திரும்பிவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் பணம் போடும் முடிவை இப்படி ஒற்றை எண்ணை வைத்து எடுப்பது கவலைக்குரியது. அந்த எண் வண்டியைப் பற்றிச் சொல்கிறது, உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மின்சாரக் கார் ஒருவருக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு விஷயங்கள். ராத்திரி கார் நிற்கும் இடத்தில் உங்கள் சொந்த மீட்டரிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா? மாதத்துக்கு எத்தனை கி.மீ. ஓட்டுகிறீர்கள்? இரண்டுக்கும் சாதகமான விடை இருந்தால், மற்றத் தயக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. இரண்டில் ஒன்று சரியாக வரவில்லை என்றாலும், கார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

இருந்தாலும் அந்த எண்ணை முதலில் பார்த்துவிடுவோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நம் நாட்டில் கார்களுக்குச் சான்றளிக்கப்படும் தூரம் ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைப்பது. உருளைகளின் மேல் காரை நிறுத்தி, முன்கூட்டியே வகுத்த வேகங்களில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் வேகம் 90 கி.மீ.யைத் தாண்டாது, சராசரி அதைவிட மிகக் குறைவு. மேடு கிடையாது, அக்னி நட்சத்திர வெயில் கிடையாது, ஐந்து பேரும் அவர்களுடைய மூட்டைமுடிச்சும் கிடையாது. டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் 45 யூனிட் கொள்ளும் பேட்டரி உள்ள வகைக்கு இப்படிக் கிடைத்த தூரம் 489 கி.மீ. அதே நிறுவனம், வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நடைமுறையில் கிடைக்கும் தூரம் என்று தனியாக ஒரு கணக்கு வெளியிடுகிறது. அதில் அதே காருக்கு ஏறத்தாழ 350 முதல் 375 கி.மீ.தான். எல்லா நிறுவனங்களும் இப்படி இரண்டு எண்களையும் சொல்ல வேண்டும். அதுவரை விளம்பரத்தில் வரும் தூரத்தில் கால் பங்கைக் கழித்துவிட்டு யோசிப்பதே பாதுகாப்பு. நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது, 80 கி.மீ. வேகத்தில் போகிறவர் 100 கி.மீ.க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். பெட்ரோல் கார் ஊருக்குள் குறைந்த மைலேஜும் நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜும் கொடுக்கும். மின்சாரக் காரில் இது தலைகீழ். ஊருக்குள் ஒவ்வொரு முறை வேகத்தைக் குறைக்கும்போதும் மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சிக்னலில் நிற்கும்போது மோட்டார் எதையும் எரிப்பதில்லை; ஏசி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் எடுக்கும். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்ற பயத்துக்கு அவ்வளவு அடிப்படை இல்லை. ஒரு மணி நேர நெரிசல் ஏறத்தாழ 10 கி.மீ. தூரத்தைத் தின்னும், அவ்வளவே.

இப்போது அன்றாடத் தேவையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வருபவரும், கோவை சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் கடைக்குப் போய்வருபவரும் ஒரு நாளில் 50 கி.மீ.யைத் தாண்டுவது அபூர்வம். வீட்டில் கிரைண்டருக்கும் கீசருக்கும் இருப்பதைப் போன்ற 15 ஆம்பியர் பிளக்கில் ஏறத்தாழ 3 கிலோவாட் எடுக்கலாம். இரவு ஒன்பதுக்குச் செருகிக் காலை ஆறுக்கு எடுத்தால் 25 யூனிட்டுக்கு மேல் ஏறியிருக்கும். அது 150 கி.மீ.க்குத் தாராளமாகக் காணும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் இருந்தால் நடுத்தரப் பேட்டரி ஓர் இரவிலேயே நிரம்பிவிடும். பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கு டாங்க் எப்போது காலியாகும் என்பது கேள்வி. வீட்டில் பிளக் உள்ள மின்சாரக் கார்க்காரருக்கு நாளை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான் கேள்வி. அன்றாட ஓட்டத்துக்கு 200 கி.மீ. நிஜமாக ஓடும் சிறிய பேட்டரியே போதும். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் லட்சங்கள் எப்போதாவது வரும் நீண்ட பயணத்துக்கானவை.

பணக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறுவதால் அதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெக்ஸான் அளவுள்ள கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. போல ஓடும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், தமிழ்நாட்டில் மின்கட்டணம் கணக்கிடும் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் கூடுதலாகும். ஏற்கெனவே 400 யூனிட் செலவாகும் வீடு 700 யூனிட்டுக்குப் போகும். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளில் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதியும் போய்விடும், மேல் படிகளில் யூனிட் விலை 8 ரூபாயைத் தாண்டித் தொடங்கும். அண்மைக் கட்டண வீதங்களில் 400 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,200 ரூபாய் வந்த பில், 700 யூனிட்டுக்கு ஏறத்தாழ 3,900 ரூபாய் ஆகும். கூடுதல் 2,700 ரூபாயை 2,000 கி.மீ.க்குப் பங்கிட்டால் கி.மீ.க்கு ஒரு ரூபாய் 35 காசு. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு, பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால், 13,400 ரூபாய்க்கு மேல் குடிக்கும். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஏற்கெனவே ஏசி நாள் முழுக்க ஓடி, 1,000 யூனிட்டைத் தொடும் வீட்டில் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போதும் கி.மீ.க்கு இரண்டு ரூபாயைத் தொடாது. மின்சார பில் எகிறிவிடும் என்று சொல்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பெட்ரோல் பங்க்கில் கொடுத்துவந்த தொகை காணாமல் போவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த மிச்சம் காரின் கூடுதல் விலையை ஈடுகட்டுமா என்பதில்தான் மாத ஓட்டம் நுழைகிறது. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. பெட்ரோல் கார்களுக்கு 28 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் இருந்தவரை இந்த வித்தியாசம் பெரிய உதவியாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால் இடைவெளி சுருங்கியிருக்கிறது. இதை ஈடுசெய்வது போலத் தமிழ்நாடு அரசு பல ஆண்டுகளாக மின்சார வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு அளித்துவந்திருக்கிறது. 10 லட்சத்தைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு இந்த வரி குறைந்தது 15 விழுக்காடு என்பதால் இது சின்னத் தொகை அல்ல. நீங்கள் பதிவு செய்யும் நாளில் அந்த விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் போக, இரண்டு கார்களின் சாலைக்கு வந்த விலையில் 3 லட்ச ரூபாய் வித்தியாசம் நிற்பதாக வைப்போம். கி.மீ.க்கு 5 ரூபாய் மிச்சமானால் 60,000 கி.மீ. ஓடினால்தான் அது திரும்பும். மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவருக்கு மூன்றரை ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும், 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு ஐந்து ஆண்டுகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அவ்வப்போது கல்யாணத்துக்கும் என மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டும் குடும்பத்துக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். என்ஜின் ஆயில், பெல்ட், கிளட்ச் செலவுகள் இல்லை என்பதைச் சேர்த்தாலும் இந்தக் குடும்பத்துக்குக் கணக்கு நேராகாது. ஓடாமல் நிற்கும் காரை மின்சாரக் காராக மாற்றுவதில் பண லாபம் இல்லை என்பதை விற்பனையாளர்கள் சொல்ல மாட்டார்கள். பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டங்களிலும் கவனம் தேவை. 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் அறிமுகமானபோது பேட்டரி வாடகை கி.மீ.க்கு மூன்றரை ரூபாய். காரின் விலை குறைகிறது, உண்மை. ஆனால் மின்சாரச் செலவையும் கூட்டினால் கி.மீ.க்கு 5 ரூபாய் ஆகிவிடுகிறது. அது பெட்ரோலுக்கு அருகில் போய்விடும்.

மேலே சொன்ன கணக்கெல்லாம் வீட்டு மீட்டரை நம்பியது. அந்த மீட்டர் கைக்கு எட்டாதவர்கள்தான் நகரத்தில் அதிகம். தெருவில் காரை நிறுத்துபவர், வாடகை வீட்டில் வீட்டுக்காரரின் தயவில் இருப்பவர், மூன்றாவது மாடியில் குடியிருந்து அடித்தளத்தில் கார் நிறுத்துபவர் ஆகியோருக்குக் கதை வேறு. பொது சார்ஜிங் நிலையங்களில் வேகமான சார்ஜருக்கு யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு முன்பின்னாகக் கேட்கிறார்கள். 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் அதில் அடக்கம் அல்லது கூடுதல். கி.மீ.க்கு 3 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நல்ல மைலேஜ் கொடுக்கும் டீசல் காரோடு ஒப்பிட்டால் மிச்சம் கரைந்துபோகும். பணத்தைவிடப் பெரிய இழப்பு நேரம். வாரம் இரண்டு முறை முக்கால் மணி நேரம் எங்கோ ஓர் ஓட்டல் வாசலில் காத்திருப்பதை முதல் மாதம் உற்சாகத்தில் தாங்குவார்கள். ஆறாம் மாதம் தாங்குவது கஷ்டம். அலுவலகத்தில் நம்பகமான சார்ஜர் இருந்தால் நிலைமை மாறும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே மின்சார வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த இணைப்பிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை கேபிள் இழுக்கக் குடியிருப்போர் சங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும். தீப்பிடிக்கும் என்ற பயம், பொது மீட்டரில் யார் பில் கட்டுவது என்ற சண்டை, மொத்தக் கட்டடத்தின் மின்பளு தாங்குமா என்ற கேள்வி என்று பேச்சு நீளும். கடைசிக் கேள்வி நியாயமானது. இருபது கார்கள் ஒரே நேரத்தில் செருகப்பட்டால் பழைய கட்டடத்தின் டிரான்ஸ்பார்மர் திணறத்தான் செய்யும். ஆகவே சங்கத்தின் எழுத்துபூர்வமான சம்மதத்தைக் கையில் வாங்கிய பிறகு காருக்கு முன்பணம் கட்டுங்கள். முதலில் காரை வாங்கிவிட்டால் தானாக ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புவது நல்லதல்ல.

வலுவான ஆட்சேபம் ஊர்ப் பயணத்தைப் பற்றியது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்வர வேண்டியவர், அந்த நான்கு பயணங்களுக்கு உதவாத காரை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கிறார். சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கி.மீ. 45 யூனிட் பேட்டரி உள்ள கார் நெடுஞ்சாலை வேகத்தில் 280, 300 கி.மீ. ஓடும். ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளி உளுந்தூர்பேட்டையில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தி 80 விழுக்காடு வரை ஏற்றிக்கொள்ளலாம். திருச்சியில் இன்னொரு முறை அரை மணி. 80 விழுக்காட்டைத் தாண்டியதும் பேட்டரி மெதுவாகவே மின்சாரத்தை வாங்கும் என்பதால் அதற்கு மேல் காத்திருப்பது வீண். எப்படியும் சாப்பிடவும் காலாறவும் நிற்கும் குடும்பத்துக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகும். சாதாரண நாளில் இது பெரிய விலை அல்ல. ஆனால் பொங்கலுக்கு முந்தைய இரவு சாதாரண நாள் அல்ல. பெட்ரோல் போட ஐந்து நிமிடம். சார்ஜருக்கு ஒரு காருக்கு நாற்பது நிமிடம். உங்களுக்கு முன்னால் மூன்று கார்கள் நின்றால் இரண்டு மணி நேரம் போயிற்று. இந்த இடத்தில் மின்சாரக் காரின் ஆதரவாளர்கள் மழுப்பக் கூடாது. பண்டிகை நெரிசலைச் சமாளிக்கும் அளவுக்கு நெடுஞ்சாலையில் இன்னும் சார்ஜர்கள் இல்லை. ஆண்டுக்கு நான்கு பயணம் என்றால் அந்த நான்குக்கும் ரயில் அல்லது வாடகைக் கார் என்று வைத்தாலும், மற்ற நாட்களில் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதிதான் செலவாகும். மருந்து விற்பனைப் பிரதிநிதியைப் போல, வாரத்துக்கு மூன்று நாள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுபவருக்கு இதே பதிலைச் சொல்ல முடியாது. அவருக்கு இப்போதைக்குப் பெட்ரோலோ டீசலோதான் நிம்மதி. வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருந்து, இரண்டாவதாக மின்சாரக் கார் வாங்குபவருக்கோ இந்த ஆட்சேபமே எழாது. அன்றாட ஓட்டம் முழுவதையும் மின்சாரக் காருக்கு மாற்றிவிட்டு, பழைய காரை ஊர்ப் பயணத்துக்கு வைத்துக்கொள்வது நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பொருத்தமான ஏற்பாடு.

மலைப் பயணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் வேண்டும். வழக்கமான ஓட்டச் செலவு அதற்கு மேல். இறங்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் ஊட்டியில் பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்காது. வேகத்தைக் குறைக்க பிரேக்கையே நம்ப வேண்டிவரும். 80 விழுக்காட்டில் இறங்குவதே நல்லது.

பேட்டரி நாலு வருஷத்தில் போய்விட்டால் என்ன செய்வது? செல்போனின் அனுபவத்திலிருந்து வரும் பயம் இது. காரின் பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டும் ஏற்பாடும் ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் மின்னணுவும் உண்டு. இங்கே விற்பனையாகும் பல கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. எடை சற்று அதிகம். ஆனால் வெயிலையும் அடிக்கடி முழுக்க நிரப்புவதையும் மற்ற வகையைவிட நன்றாகத் தாங்கும். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் பொதுவாகக் கிடைக்கிறது. சில நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு அதைவிட நீண்ட காலத்துக்கும் தருகின்றன. அந்த 'முதல் உரிமையாளர்' என்ற சொல்லை ஊன்றிப் படியுங்கள். காரை விற்கும்போது நீண்ட உத்தரவாதம் கைமாறாமல் போனால், மறுவிற்பனை விலை அங்கேயே இறங்கும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கார் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு இன்றைய மின்சாரக் கார் நட்டத்தையே தரக்கூடும். புதிய வகைகள் வேகமாக வருவதால் பழையவற்றின் விலை விரைவாகச் சரிகிறது. எட்டுப் பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கு இந்தச் சரிவு பெரிதாகப் படாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைக் கண்ட சென்னைக்காரர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்பதும் இயல்பு. பெரும்பாலான கார் பேட்டரிகள் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரச் சான்று பெற்றவை. தேங்கிய தண்ணீரைக் கடக்க அது போதும். ஒரு ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடப்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. மூழ்கிய காரை இயக்கவோ சார்ஜ் போடவோ கூடாது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தில் ஓடும் கார் எப்படிச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில், இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கம்பி வழியில் வீணாவதையும் சேர்த்தால் மின்சாரக் கார் ஒரு கி.மீ.க்கு 120 கிராமுக்குச் சற்று மேலே போகும். பெட்ரோல் கார் புகைக்குழாயில் மட்டும் 150 கிராமுக்கு மேல். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கொண்டுவருவது தனி. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் விளம்பரங்கள் காட்டும் அளவுக்கு இல்லை. பேட்டரி செய்யும்போதே சில டன் கரியமில வாயு வெளியாகிவிடுவதால், நிறைய கி.மீ. ஓடிய பிறகே அந்தக் கடன் அடையும். இங்கேயும் மாத ஓட்டமே தீர்மானிக்கிறது. நிறைய ஓட்டுபவரின் கையில்தான் மின்சாரக் கார் சூழலுக்கு உதவுகிறது. தெருவில் புகை விடாதது மட்டும் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும் நன்மை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் மிகுந்த தமிழ்நாட்டில் கூரையில் சோலார் தகடு போட்டவர் பகலில் வீட்டிலேயே சார்ஜ் போட முடிந்தால் கணக்கு இன்னும் நன்றாகும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு.

வாங்கலாம் என்ற முடிவுக்கு வந்தவர் ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். கார் நிற்கும் இடத்துக்கு மீட்டரிலிருந்து தனி ஒயர் போட முடியுமா, எர்த் சரியாக இருக்கிறதா, உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு ஏசியும் சார்ஜரும் ஒரே நேரத்தில் ஓடினால் தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் பல கார்கள் சார்ஜே ஏற்றாது. ஏற்ற மறுப்பது காரின் கோளாறு என்று நினைத்துச் சர்வீஸ் சென்டருக்கு அலைபவர்கள் உண்டு. மின்பளுவைக் கூட்டவோ மும்முனை இணைப்புக்கு மாறவோ வேண்டியிருந்தால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து, அது கைக்கு வர ஆகும் நாட்களையும் கணக்கில் வைத்து, அதற்கேற்ப கார் டெலிவரி தேதியைக் கேட்டு வாங்குங்கள்.